செய்தியில் வரும் ‘காரணம்’ யார் சொன்ன காரணம்? குடும்ப வன்முறைச் செய்திகள் பற்றி ஒரு கேள்வி

கேட்டவர்: பொருநைக்கரை

வணக்கம். என் சித்தி மகள் சென்ற மாதம் தன் கணவர் மீது அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாள். அவளுக்கு மணமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. இடக்கை எலும்பு முறிந்து, அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்ட பிறகுதான் காவல் நிலையப் படியேறினாள். மூன்றாம் நாள் காலையில் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் பன்னிரண்டு வரிச் செய்தியாக அது வெளிவந்தது. அவளுடைய பெயர், வயது, குடியிருக்கும் தெரு, கணவர் வேலை பார்க்கும் மில், மகன் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பள்ளி என எதையும் விட்டுவைக்காமல் எழுதியிருந்தார்கள். தலைப்பு இப்படி இருந்தது: ‘செல்போனில் பேசியதைக் கண்டித்த கணவர் மீது மனைவி புகார்’.

அன்று இரவு அவள் செல்போனில் பேசிக்கொண்டிருந்தது என்னோடுதான். எங்கள் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பெரியம்மாவுக்கு என்ன புடவை எடுப்பது என்பதே பேச்சு. பேச்சு பாதியில் நின்ற பிறகு என்ன நடந்தது என்பதை மறுநாள் எக்ஸ்ரே படத்தில்தான் பார்த்தேன். கையை முறிப்பதற்குத் தமிழில் ‘கண்டிப்பது’ என்றொரு சொல் உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது. தலைப்பைப் படித்த ஊர்க்காரர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: “யாரோடு பேசினாளாம்?”

புகார் மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது. அதில் செல்போன் என்ற சொல்லே இல்லை. அப்படியிருக்க, அந்தக் காரணம் செய்திக்குள் எங்கிருந்து வந்தது? பாலியல் வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடக் கூடாது என்பதை அறிவேன். வீட்டுக்குள் அடிபட்ட பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாதா?

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. 2025ஆம் ஆண்டில் மேற்கு மாவட்டம் ஒன்றில் இறந்துபோன புதுமணப் பெண்ணின் குரல்பதிவுகளைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்ப ஒலிபரப்பின. அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. உயிரோடு இருந்து புகார் கொடுத்தால் பன்னிரண்டு வரியில் பழி, இறந்துபோனால் நாள் முழுவதும் ஒப்பாரி என்பதற்கு நடுவே, இவற்றை எழுதுவதற்கு முறையான வழி ஏதேனும் இருக்கிறதா? தொழில் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பழைய மேசை

அம்மா, நீங்கள் எடுத்துக்காட்டியதைப் போன்ற தலைப்புகளை நானே நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தமிழ் நாளிதழ் ஒன்றின் மாவட்டப் பதிப்பில் இருபத்திரண்டு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

அந்தக் காரணம் பெரும்பாலும் காவல் நிலையத்தின் எழுத்து வேலைகளைப் பார்க்கும் ரைட்டரிடமிருந்து வந்திருக்கும். பகுதி நிருபர் நாள்தோறும் மாலையில் தம் எல்லைக்குட்பட்ட நிலையங்களுக்கு ஒரு சுற்று போன் போடுவார். ரைட்டர் இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லிவிடுவார். புகார் கொடுத்தவர் சொன்னது, விசாரணைக்கு அழைக்கப்பட்ட கணவர் சொன்னது, ரைட்டர் தாமாக நினைத்துக்கொண்டது ஆகிய மூன்றும் அந்த இரண்டு வாக்கியத்தில் கலந்துதான் இருக்கும். நிருபர் அவற்றைப் பிரித்துக் கேட்பதில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பக்கத்தை முடித்தாக வேண்டிய அவசரத்தில் மேசையில் இருக்கும் நாங்களும் கேட்பதில்லை. உங்கள் தங்கையின் மனுவில் இல்லாத செல்போன் அவருடைய கணவரின் வாயிலிருந்துதான் வந்திருக்க முடியும். புகார் கொடுத்தவர் ஒருவர், தலைப்பில் பேசுபவர் இன்னொருவர். நிருபரிடம் கேட்டால், தாம் பொய் எதுவும் எழுதவில்லை என்றே சொல்வார். அவரைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

கொலைச் செய்திகளில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். ‘நடத்தையில் சந்தேகம்: மனைவியை வெட்டிக் கொன்ற கணவர் கைது’ என்ற தலைப்பை வாரத்துக்கு ஒருமுறையாவது நீங்கள் படித்திருப்பீர்கள். ‘நடத்தையில் சந்தேகம்’ என்பதை யார் சொன்னது? இறந்தவர் சொல்லியிருக்க முடியாது. அந்த வீட்டுக்குள் நடந்ததை அறிந்தவர்கள் இருவர்; ஒருவர் இல்லாமல் போனபின், அவரை இல்லாமல் ஆக்கியவர் போலீசாரிடம் சொன்ன கதையை நாங்கள் மேற்கோள் குறிகூட இல்லாமல் தலைப்பில் ஏற்றிவிடுகிறோம். சந்தேகம் அவருடையது, நடத்தை அந்தப் பெண்ணுடையது என்று இலக்கணப்படி பிரித்துப் பார்க்க எந்த வாசகருக்கும் பொழுது கிடையாது. நடத்தை என்ற சொல் மட்டும் மனத்தில் நின்றுவிடும்.

‘கள்ளக்காதல்’ என்ற சொல்லின் கதையும் இதுதான். பிறர்மனை உறவைக் குற்றமாக்கிய 497ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் நீக்கிவிட்டது. சட்டத்தில் கள்ளத்தனம் போய்விட்டது, தலைப்பில் போகவில்லை. எங்கள் அலுவலகத்தில் இளைய சகா ஒருவர் இதை எழுப்பியபோது, ‘திருமணத்துக்கு அப்பாற்பட்ட உறவு’ என்பது ஒற்றைப் பத்தித் தலைப்பில் அடங்காது என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த பதில். நகைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பத்தியின் அகலம் உண்மையிலேயே பல சொற்களைத் தீர்மானித்திருக்கிறது. ‘தகராறு’ என்ற சொல் அவ்வளவு எளிதில் அடங்குவதும் அதன் ஆயுளுக்கு ஒரு காரணம். ஒருவர் அடித்து ஒருவர் அடிபட்டால் அது தாக்குதல். இருவரும் சமமாக மோதிக்கொண்டதைப் போல அதைக் ‘குடும்பத் தகராறு’ என்று எழுதிவிட்டால் யாரையும் குறை சொல்லாத நடுநிலைத் தோற்றம் கிடைக்கிறது.

நான் இத்தொழிலில் சேர்ந்த காலத்தில் ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்ற செய்தி வாராவாரம் வரும். இத்தனை ஸ்டவ்கள் ஏன் மருமகள்கள் சமைக்கும்போது மட்டும் வெடிக்கின்றன என்று எங்களில் எவரும் கேட்டதில்லை. கணவரும் உறவினரும் செய்யும் கொடுமையைக் குற்றமாக்கிய 498ஏ பிரிவு 1983இலும், வரதட்சணை மரணத்துக்கான 304பி பிரிவு 1986இலும் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிறகு, செய்தியின் கடைசியில் ‘திருமணமாகி 3 ஆண்டுகளே ஆவதால் ஆர்.டி.ஓ. விசாரணை நடத்தி வருகிறார்’ என்ற வரி நிலைத்துவிட்டது. மணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் நேரும் மரணங்களில் ஆர்.டி.ஓ. எனப்படும் வருவாய்க் கோட்டாட்சியரின் அந்த விசாரணை கட்டாயம். அந்த வரியை நான் ஆயிரம் முறையாவது அச்சுக்கு அனுப்பியிருப்பேன். ஆனால், விசாரணையில் ஆர்.டி.ஓ. என்ன கண்டார் என்பதை ஐந்தாறு முறைகூட வெளியிட்டதாக நினைவில்லை. நிருபரும் போய்க் கேட்கவில்லை, நாங்களும் கேட்கச் சொல்லவில்லை.

உங்கள் தங்கையின் செய்தியை இன்று என் மேசையில் வைத்தால், ‘கணவர் தாக்கியதில் கை முறிந்ததாகப் பெண் புகார்: போலீசார் வழக்குப் பதிவு’ என்று தலைப்பிடுவேன். ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்வேன்; தெருவும் பள்ளியும் எந்த வாசகருக்கும் தேவையில்லை. அடித்ததற்கான காரணம் என்று ஒரு சொல்கூட எழுத மாட்டேன். கணவர் மறுத்திருந்தால், மறுத்தார் என்பதை அவர் கூற்றாகவே ஒரு வாக்கியத்தில் சேர்ப்பேன். செய்தி ஏழு வரியில் முடிந்துவிடும்.

பதில்: கீழ்க்கோர்ட்டு

மேலே உள்ள பதிலுக்குச் சட்டத்தின் பக்கத்திலிருந்து சில விளக்கங்களைச் சேர்க்கிறேன். நான் பதினாறு ஆண்டுகளாகக் குடும்ப வழக்குகளையும் அவற்றையொட்டி வரும் குற்ற வழக்குகளையும் நடத்தி வருபவன்.

குற்றம் சாட்டப்பட்டவர் போலீஸ் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆவது பிரிவில் தொடர்கிறது. நீதிமன்றம் ஏற்க மறுக்கும் அதே வாக்குமூலம் நாளிதழில் ‘போலீசாரிடம் பரபரப்பு வாக்குமூலம்’ என்று எட்டுப் பத்தித் தலைப்பாக வருகிறது. நான் இதில் காண்பது வெறும் கொச்சைத்தனம் அன்று. ஒருவர் திடீரென்று கடுமையாக ஆத்திரமூட்டப்பட்டு, தன்வசம் இழந்த நிலையில் கொன்றால் அது கொலைக் குற்றமாகாது என்று சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ‘ஆத்திரமடைந்த கணவர்’, ‘வெறிச்செயல்’ என்ற சொற்கள் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஓராண்டு கழித்து வாதாட வேண்டியதை முதல் நாளே ஊருக்கு வாதாடிக் காட்டிவிடுகின்றன. அரிவாளைப் பட்டறையில் கொடுத்துத் தீட்டி வாங்கியவரும் செய்தியில் ஆத்திரமடைந்தவராகவே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பெயர் வெளியிடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். முன்னர் 228ஏ என்றும் இப்போது பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு என்றும் அறியப்படும் தடை, பாலியல் வன்புணர்வு தொடர்பான குற்றங்களுக்கு மட்டுமே பொருந்தும். கணவரின் கொடுமை குறித்த 85ஆவது பிரிவுக்கு, அதாவது பழைய 498ஏவுக்கு, அத்தகைய தடை இல்லை. 1994இல் நக்கீரன் ஆசிரியர் தொடுத்த ஆர். ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிடப் பத்திரிகைக்கு உரிமை உண்டு என்று கூறிவிட்டு, பாலியல் தாக்குதல், கடத்தல் அல்லது அவற்றை ஒத்த குற்றத்துக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிட்டு அவரை மேலும் இழிவுபடுத்தக் கூடாது என்று ஒரு விலக்கையும் வைத்தது. அடிபட்ட மனைவியும் ‘அவற்றை ஒத்த’ என்பதற்குள் வருவார் என்று வாதிட இடமிருக்கிறது என்பது என் கருத்து.

ஆனால், பள்ளியின் பெயரை வெளியிட்டது வேறு விஷயம். இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 74ஆவது பிரிவு, ஒரு குற்றத்துக்கு ஆளான அல்லது அதற்குச் சாட்சியான குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய பெயர், முகவரி, பள்ளி உள்ளிட்ட எதையும் ஊடகங்கள் வெளியிடுவதைத் தடைசெய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தாய் அடிபடும்போது அந்தச் சிறுவன் வீட்டில் இருந்தானா என்பதை உங்கள் தங்கையிடம் கேளுங்கள். இருந்திருந்தால் உங்கள் கையில் உள்ள வலுவான வாதம் அதுதான்.

விவாகரத்து வழக்காக மாறினால் இன்னொரு பிரிவையும் நினைவில் வையுங்கள். இந்து திருமணச் சட்டத்தின் 22ஆவது பிரிவின்படி அச்சட்டத்தின் கீழான நடவடிக்கைகள் மூடிய அறையில் நடைபெற வேண்டும். உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை முன் அனுமதி பெற்று வெளியிடுவதைத் தவிர வேறு எதையும் அச்சிடுவது சட்டவிரோதம். மீறினால் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. நடிகர்களின் விவாகரத்து மனுக்களை வரிவரியாக வாசிக்கும் யூடியூப் சேனல்களுக்கு அது ஒரு மதியச் சாப்பாட்டுச் செலவு.

செய்திகளில் நான் அன்றாடம் காணும் பிழை வேறொன்று. 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் ஒரு பெண் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யும்போது அவர் கேட்பது பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் வசிக்கும் உரிமை, பண நிவாரணம், குழந்தையின் பொறுப்பு போன்றவற்றைத்தான். மறுபக்கம் இருப்பவர் எதிர்மனுதாரர். அந்நிலையில் அவர் குற்றம் சாட்டப்பட்டவர்கூட அல்லர். மாஜிஸ்திரேட் பிறப்பித்த பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகிறது. இந்த மனுவுக்கும் 498ஏ புகாருக்கும் வேறுபாடு தெரியாமல் ‘குடும்ப வன்முறைச் சட்டத்தில் கணவர் சிக்கினார்’ என்று எழுதுவதால் கணவருக்கு வீண் பழி சேர்கிறது. சிறைக்கு அனுப்பாமலேயே தலைக்கு மேல் ஒரு கூரையை உறுதிசெய்ய ஒரு சட்டம் இருக்கிறது என்பதும் படிக்கும் பெண்களுக்குத் தெரியாமலே போகிறது. அந்த இரண்டாவது நட்டத்தையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

முடிவுச் செய்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் 498ஏ புகார்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், இவ்வழக்குகளில் 93.6 சதவீதம் குற்றப்பத்திரிகை வரை போவதையும் 15 சதவீதத்தில் மட்டுமே தண்டனை கிடைப்பதையும் குறிப்பிட்டது. மீதமுள்ளவை எல்லாம் பொய்ப் புகார்கள் என்று இந்த எண்ணை எடுத்துக்கொண்டு எழுதுபவர்கள் ஒருநாள் எங்கள் நீதிமன்ற வராந்தாவில் நிற்க வேண்டும். நகையும் சீர்ப்பணமும் திரும்பி வந்ததால் சாட்சி சொல்லாமல் போனவர்கள் உண்டு. குழந்தைக்காகச் சமரசம் ஆனவர்களும், உயர் நீதிமன்றத்தில் கூட்டாக மனுப்போட்டு வழக்கை ரத்து செய்துகொண்டவர்களும் உண்டு. எட்டு ஆண்டு அலைந்து சலித்தவர்களும் உண்டு. சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிப்பது ஒன்று, புகாரே புனைவு என்று நீதிபதி எழுதுவது மற்றொன்று. செய்தியில் இரண்டும் ‘கணவர் விடுதலை’ என்ற ஒரே தலைப்பில் வருகின்றன.

ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பின் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவரை மனைவியை அடிப்பவர் என்று எழுதிய ஆங்கில நாளிதழ் மீது அவர் லண்டனில் தொடுத்த வழக்கில், 14 சம்பவங்களில் 12 பெருமளவு உண்மை என்று 2020 நவம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார். 2022 ஜூனில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜூரிகள், முன்னாள் மனைவி ஆம்பர் ஹெர்ட் அவரை அவதூறு செய்ததாகவும், ஹெர்டின் எதிர்வழக்கில் ஒரு கூற்றில் டெப் தரப்பு அவரை அவதூறு செய்ததாகவும் முடிவு செய்தார்கள். முதல் வழக்கில் கேமரா இல்லை. இரண்டாவது வழக்கு ஆறு வாரம் நேரலையாக ஓடியது. நம்மில் பெரும்பாலோர் அறிந்தது இரண்டாவதை மட்டுமே, அதிலும் பாதியை மட்டுமே.

பதில்: ஓர் அண்ணனின் தம்பி

இங்கே எழுதப்படும் பலவற்றை நான் ஏற்கிறேன். ஆனால், எனக்கும் ஒரு மனக்குறை இருக்கிறது. எங்கள் அண்ணன் மீது அண்ணி புகார் கொடுத்தபோது எங்கள் வீட்டில் ஐந்து பேரின் பெயர்கள் முதல் தகவல் அறிக்கையில் சேர்க்கப்பட்டன. அவர்களில் ஒருவரான என் அக்கா, அப்போது நான்கு ஆண்டுகளாக மஸ்கட்டில் இருந்தவர். ‘மருமகளைக் கொடுமைப்படுத்திய ஆசிரியர் குடும்பம்’ என்று ஓர் இணையத் தளம் எங்கள் குடும்பப் புகைப்படத்தோடு செய்தி வெளியிட்டது. ‘கொடுமைப்படுத்தியதாகப் புகார்’ என்று எழுத அதில் இடமா இல்லை? ஒற்றைப் பத்தியின் நெருக்கடிகூட இணையத்தில் கிடையாதே.

ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அனைவரும் விடுவிக்கப்பட்டோம். வழக்கறிஞர் ஐயா சொன்னது சரிதான். தீர்ப்பில் சந்தேகத்தின் பலன் என்றுதான் இருக்கிறது, புகார் பொய் என்று இல்லை. என் அண்ணன் அப்பழுக்கற்றவர் என்று நானும் இங்கே சத்தியம் செய்யப் போவதில்லை. அந்த அறைக்குள் நான் இருக்கவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பழைய செய்தியின் அடியில் ‘இவ்வழக்கில் அனைவரும் விடுவிக்கப்பட்டனர்’ என்ற ஒற்றை வரிதான். நான்கு மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை. விடுவிக்கப்பட்ட ஒருவரின் வழக்குத் தீர்ப்பைத் தளத்திலிருந்து நீக்கும்படி சட்ட இணையத் தளம் ஒன்றுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டதையும், அதை ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்ததையும் படித்தபோது, சட்டத்தின் கதவும் இன்னும் பாதி மூடியே கிடக்கிறது என்று புரிந்துகொண்டேன். நான் அழிக்கச் சொல்லவில்லை, முடிக்கச் சொல்கிறேன்.

2024 டிசம்பரில் பெங்களூருவில் ஒரு மென்பொருள் பொறியாளர் இறந்தபோது இதே ஊடகங்கள் மறுபக்கம் சாய்ந்ததையும் பார்த்தேன். மனைவியின் படத்தை வைத்துத் தீர்ப்பெழுதினார்கள். எங்கள் தரப்புக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று சில நண்பர்கள் என்னிடம் மகிழ்ந்தார்கள். அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் நின்ற மைக்குகளைப் பார்த்தபோது எனக்கு என் அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பதில்: ஆலோசனை அறை

வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் ஒன்றில் நான் ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். எங்களிடம் வரும் பெண்கள் பலர் கைப்பையில் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்திருப்பார்கள். அது அவர்களைப் பற்றிய செய்தியாக இராது. பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியைப் பற்றியதாக இருக்கும். “இவளுக்கு ஆனதுதான் உனக்கும்” என்று கணவர் சொல்லிக் காட்டிய துண்டாகவும் இருக்கும், “போலீசுக்குப் போனால் நம் பெயரும் இப்படித்தான் நாறும்” என்று மாமியார் காட்டிய துண்டாகவும் இருக்கும். எழுதியவர் நினைக்காத வேலைகளையெல்லாம் அந்தப் பன்னிரண்டு வரி செய்துகொண்டிருக்கிறது.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். நாட்டளவில் அது 29.3 சதவீதம். வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமேனும் உதவி கேட்டவர்கள் 14 சதவீதமே. நாளிதழில் வருவது அந்த 14இலும் காவல் நிலையம் வரை வந்த மிகச் சிறிய பங்கு. அதனால்தான் செய்தியைப் படிப்பவருக்கு இது எங்கோ, யாருக்கோ, குடிபோதையில், திடீரென்று நடந்ததாகத் தோன்றுகிறது.

திடீரென்று நடப்பது மிகவும் குறைவு. நான் பார்த்த இறப்புகளில், அந்தப் பெண் முன்பே ஒருமுறையாவது காவல் நிலையத்துக்குப் போயிருப்பார், சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது ஒன்று பீரோவில் இருக்கும். ‘போலீசார் இருவரையும் அழைத்துப் பேசி, சேர்ந்து வாழும்படி அறிவுரை கூறி அனுப்பி வைத்தனர்’ என்ற வரி நல்ல செய்தியைப் போல வருவதைக் கவனித்திருப்பீர்கள். அறிவுரை கேட்டு வீட்டுக்குப் போன பெண்ணுக்கு அன்றிரவு என்ன ஆனது என்று எழுதும் நிருபரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ‘இதற்கு முன் இவர் புகார் கொடுத்திருந்தாரா, கொடுத்திருந்தால் நிலையம் என்ன செய்தது?’ என்ற ஒரு கேள்வியை ஒவ்வொரு கொலைச் செய்தியிலும் கேட்டாலே போதும், செய்தியின் முகம் மாறிவிடும். நாளை மாலையும் அதே ரைட்டருக்குத்தான் போன் செய்தாக வேண்டும் என்பதால் அது கேட்கப்படுவதில்லை. இதில் பழைய மேசை ஐயா என்ன நினைக்கிறார் என்று அறிய விரும்புகிறேன்.

குரல்பதிவுகளைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. அந்தப் பதிவுகள் வெளியானதால்தான் பல தந்தையர் தம் மகளுக்கு அன்றைக்கே போன் செய்தார்கள். எங்கள் மையத்துக்கும் அழைப்புகள் கூடின. ஆனால், அதே வாரத்தில் ஒரு பெண் என்னிடம், “நான் இருக்கும்போது யாரும் கேட்கவில்லை, போனபிறகாவது கேட்பார்கள் போல” என்று சொன்னதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தற்கொலைச் செய்திகளைப் பெரிதாக வெளியிடக் கூடாது, திரும்பத் திரும்ப வெளியிடக் கூடாது, படமும் காணொளியும் போடக் கூடாது என்று இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019 செப்டம்பரிலேயே வழிகாட்டியிருக்கிறது. ஆனால், அது சட்டமன்று, அதிலும் தொலைக்காட்சிகள் கவுன்சிலின் எல்லைக்குள் வருவதே இல்லை. இத்தகைய செய்திகளின் அடியில் ‘தற்கொலை எதற்கும் தீர்வாகாது’ என்ற கட்டத்தைப் போடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இருந்த பிரச்சினை வீட்டில் விழுந்த அடி என்பதால், அந்தக் கட்டத்தில் 181 என்ற மகளிர் உதவி எண்ணும் இருக்க வேண்டும். அநேகமாக அது இருப்பதில்லை.

பதில்: பழைய மேசை

ஆலோசகர் அம்மா கேட்டதற்கு என்னிடம் உள்ள பதில் சங்கடமானதுதான். ஒருமுறை எங்கள் நிருபர் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டு எழுதினார். மூன்று முறை மனு கொடுத்தும் வழக்குப் பதியவில்லை என்ற வரியை நான்தான் தைரியமாக வைத்தேன். அடுத்த இரண்டு மாதம் அந்த நிலையத்திலிருந்து எங்களுக்கு மட்டும் எந்தச் செய்தியும் வரவில்லை. போட்டி நாளிதழுக்கு எல்லாம் போயின. பதிப்பு மேலாளர் எங்களை அழைத்துப் பேசினார். அதன்பின் அந்தக் கேள்வி மறந்துபோயிற்று. பகுதி நிருபருக்கு மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்ற கணக்குத்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பொருநைக்கரை அம்மாவுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: பத்திரிகை கவுன்சிலுக்குப் போவதானால் முதலில் ஆசிரியருக்கு எழுதி, அவர் கவனத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். நாளிதழ்ச் செய்தி என்றால் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். கவுன்சிலால் கண்டிக்க முடியும், தண்டிக்க முடியாது. இந்தக் ‘கண்டிப்பு’ உண்மையான கண்டிப்பு. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

கேட்டவர்: பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. ஓர் அண்ணனின் தம்பிக்குத் தனியாக நன்றி. உங்கள் பதிவைப் படித்த பிறகு என் கடித வரைவில் ‘அந்தக் கொடியவன்’ என்றிருந்த இடங்களில் எல்லாம் ‘அவர் கணவர்’ என்று மாற்றினேன்.

நேற்றிரவு தங்கையிடம் இவற்றையெல்லாம் வாசித்துக் காட்டினேன். மகன் வீட்டில் இருந்தானா என்று கேட்டதற்கு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததே அவன்தான் என்றாள். தலைப்பை மாற்றச் சொல்வதிலோ, மறுப்பு வெளியிடச் சொல்வதிலோ அவளுக்கு இப்போது தெம்பில்லை. பள்ளியின் பெயரை மட்டும் இணையப் பதிப்பிலிருந்து எடுக்கச் சொன்னால் போதும் என்கிறாள். வகுப்பில் ஒரு பையன் அந்தச் செய்தியைத் தன் அம்மாவின் போனில் காட்டியதிலிருந்து அவள் மகன் மதியச் சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறானாம். செய்தி வந்து இன்றோடு முப்பத்தாறு நாள் ஆகிறது. 74ஆவது பிரிவைக் குறிப்பிட்டு ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தை இன்று காலை பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.